இறாலுக்கு வழி, மனிதருக்கு முறை

பழவேற்காடு ஏரியில் பிடிபடும் வெள்ளை இறால் எதுவும் அந்த ஏரியில் பிறந்ததில்லை. அதன் பிறப்பிடம் வங்கக் கடல். கரையை விட்டு விலகிய நீரில், இருட்டிய பிறகு, ஒரு தாய் இறால் லட்சக்கணக்கில் முட்டை விடும். நண்டு முட்டையை வயிற்றடியில் சுமந்து காக்கும். இந்த வகை இறாலுக்கு அந்த வழக்கம் இல்லை. முட்டையைத் தண்ணீரில் விட்டதோடு தாயின் வேலை முடிந்தது. ஒரு நாளுக்குள் முட்டை பொரியும். அதற்குப் பிறகு அந்தக் குஞ்சுகளுக்கு ஆதரவாக இருப்பவை நீரோட்டமும், ஓர் ஏரியின் திறந்த வாயும், கரையில் சில ஊர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட உடன்படிக்கையும்தான்.

அந்த இறாலின் பயணத்தைக் கூடவே போய்ப் பார்த்தால் இந்த ஏரியை யார் காக்கிறார்கள், யார் காக்கத் தவறுகிறார்கள் என்பது தெரியும்.

கடலில் இரண்டு வாரம்

பொரிந்து வந்த குஞ்சுக்கு முதல் இரண்டு நாள் சாப்பாடு தேவையில்லை. முட்டையிலிருந்து கொண்டுவந்த மஞ்சள் கரு போதும். அதற்குள் ஆறு முறை சட்டை உரிக்கும். பிறகு கண்ணுக்குத் தெரியாத பாசிகளைத் தின்று மூன்று பருவம், இறாலின் சாயல் தெரியத் தொடங்கி இன்னும் மூன்று பருவம். ஏறத்தாழ இரண்டு வாரத்தில் அது ஒரு குட்டி இறால். நீளம் அரை சென்டிமீட்டர் அளவு. உடம்பு கண்ணாடி மாதிரி இருக்கும். உள்ளங்கையில் எடுத்தால் கண்கள் மட்டும் இரண்டு கறுப்புப் புள்ளியாகத் தெரியும்.

இவ்வளவு சிறிய உயிரால் நீரோட்டத்தை எதிர்த்து நீந்த முடியாது. ஆனால் எந்த நீரில் மிதப்பது, எந்த நீரில் தரையோடு ஒட்டிக்கொள்வது என்பது அதற்குத் தெரியும். கடல் நீர் ஏறும்போது மேலே வந்து அதோடு உள்ளே போகும். நீர் வடியும்போது அடியில் பதுங்கிக்கொள்ளும். இப்படி ஏற்றத்துக்கு ஏற்றம் கொஞ்சம் கொஞ்சமாக முகத்துவாரத்தைத் தாண்டுகிறது.

ஒரு மீட்டர் ஆழத்தில் ஒரு தொட்டில்

முகத்துவாரத்துக்கு உள்ளே இருப்பது சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. சென்னையிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் வடக்கே தொடங்கி, ஸ்ரீஹரிகோட்டாத் தீவின் முதுகுப்பக்கமாக ஆந்திரத்துக்குள் நீண்டு கிடக்கிறது. பரப்பின் பெரும்பகுதி ஆந்திரத்தில். தெற்கு முனையும் முக்கியமான முகத்துவாரமும் தமிழ்நாட்டில், திருவள்ளூர் மாவட்டத்தில். தெற்கே ஆரணி ஆறும், வடக்கே காளங்கி ஆறும் வந்து சேர்கின்றன. பக்கிங்காம் கால்வாய் ஏரியைத் தொட்டுக்கொண்டு போகிறது. 1613-ல் டச்சுக்காரர்கள் இதன் கரையில்தான் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள்.

ஏரியின் சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவுதான். இறால் குஞ்சுக்கு இந்த ஆழமின்மை ஒரு வரம். வெயில் தரை வரை இறங்குவதால் கடற்புல்லும் பாசியும் வளரும். சேற்றில் தீனி கிடைக்கும், புல்லுக்குள் ஒளிந்துகொள்ளலாம், பெரிய மீன்கள் அதிகம் வராது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆறுகள் வந்து ஏரியின் உப்பைக் குறைக்கும். கோடையில் தண்ணீர் வற்றி, சில இடங்களில் கடலைவிட உப்புக் கூடிவிடும். இந்த இரண்டு எல்லைக்கும் நடுவில் இறால் வேகமாக வளர்கிறது. சில மாதத்தில் விரல் நீளத்தைத் தாண்டி, மறுபடி கடலைத் தேடும் வயதுக்கு வந்துவிடும்.

இந்த உயிர்களை வாழ்நாள் முழுக்கக் கணக்கெடுத்தவர் பி.ஜே. சஞ்சீவ ராஜ், தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் விலங்கியல் பேராசிரியர். பழவேற்காட்டின் மீன், இறால், நண்டு, சிப்பி வகைகளை அவர் தொகுத்த நூலைத் தேசியப் பல்லுயிர் ஆணையம் 2006-ல் வெளியிட்டது. ஏரியைக் காப்பது என்றால் அதை நம்பிப் பிழைக்கும் மீனவரையும் சேர்த்துக் காப்பதுதான் என்பதை அவருடைய உழைப்பு நமக்குச் சொல்கிறது. ஏரியைச் சுற்றி இரு மாநிலத்திலும் ஐம்பதுக்கும் மேற்பட்ட மீனவ ஊர்கள் இருக்கின்றன.

முறை வைத்த வலை

கடலுக்குத் திரும்பும் இறால் இரவில், நீர் வடியும்போது புறப்படும். பரந்த ஏரியில் சிதறிக் கிடந்த கூட்டம் முகத்துவாரத்தை ஒட்டிய ஓடைகளில் நெருங்கி ஓடும். கழி நட்டு, அந்த ஓட்டத்தை எதிர்த்துச் சுத்து வலை கட்டினால் ஒரே இரவில் நல்ல இறால் கிடைக்கும். ஆனால் அப்படிப்பட்ட இடங்கள் சில மட்டுமே. வலையும் ஆளும் அதைவிடப் பல மடங்கு. முன்னால் ஒருவன் வலை போட்டால் பின்னால் இருப்பவனுக்கு வெறும் தண்ணீர்தான் வரும்.

இந்தச் சிக்கலுக்குப் பழவேற்காட்டில் பட்டினவர் என்ற மீனவச் சாதியின் ஊர்கள் கண்ட தீர்வு பாடு. பாடு என்றால் வலை போடும் இடம். அங்கே வலை போடும் உரிமையும் அதற்குள் அடக்கம். கோட்டைக்குப்பம், நடுவூர் மாதா குப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய மூன்று ஊர்களும் இந்த உரிமையை நீண்ட காலமாக வைத்திருப்பவை. ஊருக்கு ஊர் முறை உண்டு. ஊருக்குள் ஆளுக்கு ஆள் முறை உண்டு. கல்யாணம் ஆகி ஊரில் தலைக்கட்டாகச் சேர்ந்த ஆணின் பெயர் பட்டியலில் ஏறும். எந்த இடம் யாருக்கு என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கும். இன்று நல்ல இடம் கிடைத்தவனுக்கு அடுத்த முறை சுமாரான இடம் வரலாம்; சுமாரான இடம் கிடைத்தவனுக்கு நல்ல இடத்தின் முறை வராமல் போகாது. முறை தவறி வலை போட்டால் ஊர்ப் பஞ்சாயத்து கூடும், அபராதம் விழும்.

இதை ஏற்படுத்திய பெரியவர்கள் மனதில் இயற்கைப் பாதுகாப்பு என்ற எண்ணம் இருந்திருக்க வேண்டியதில்லை. சண்டை வரக் கூடாது, ஒரு வீட்டில் அடுப்பெரிந்து பக்கத்து வீட்டில் எரியாமல் போகக் கூடாது என்பதே நோக்கமாக இருந்திருக்கும். ஆனால் விளைவு இறாலுக்கும் சேர்ந்து கிடைத்தது. ஓர் இரவில் ஓடையில் இத்தனை வலைதான் என்ற வரம்பு இருந்தால், மீதிக் கூட்டம் அந்த வலைகளைத் தாண்டிக் கடலுக்குப் போய்ச் சேரும். போய்ச் சேர்ந்தவைதான் அடுத்த தலைமுறைக்கு முட்டை விடும். மனிதர்களுக்குள் நியாயம் செய்ய வைத்த முறை, இறாலுக்கும் வழி விட்டது. பாட்டின் அறம் இந்த ஒரு வரியில் அடங்கும்.

இது பழவேற்காட்டுக்கு மட்டும் உரியது என்று நினைக்க வேண்டாம். துருக்கியின் அலன்யா நகரத்தில் சுமார் நூறு மீனவர்கள் 1970-களில் இதே போல ஒன்றைச் செய்தார்கள். மீன்பிடிக்கும் இடங்களுக்கெல்லாம் பெயர் வைத்து, ஒவ்வொரு செப்டம்பரிலும் சீட்டுக் குலுக்கி, சீட்டில் வந்த இடத்திலிருந்து தினம் ஓர் இடம் நகர்ந்து போனார்கள். பொதுச் சொத்தை மக்களே கூடிக் காக்க முடியும் என்று 1990-ல் எலினோர் ஓஸ்ட்ரம் எழுதிய நூலில் அலன்யா ஒரு முக்கியச் சான்று. அந்த ஆய்வுகளுக்காக 2009-ல் பொருளாதார நோபல் பரிசு பெற்றார். அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண் அவர்.

இன்னும் அருகில், கொச்சிக் கழிமுகத்திலும் பாடு இருக்கிறது. இலங்கையின் நீர்கொழும்புக் களப்பில், கடலுக்குத் திரும்பும் இறாலைக் கட்டுதெல் வலையால் நான்கு மீனவர் சங்கங்கள் முறை வைத்துப் பிடிக்கின்றன. அந்த முறையை அந்நாட்டு அரசு 1958-லேயே ஒழுங்குவிதியாக ஏற்றுக்கொண்டது. அங்கே அது ஊர் வழக்கு, நாட்டுச் சட்டமும் அதுவே. பழவேற்காட்டில் பாடு இன்னும் ஊர் வழக்காக மட்டுமே நிற்கிறது. சோழமண்டலக் கரை முழுக்க மீனவ ஊர்ப் பஞ்சாயத்துகள் கடலில் விதி வைத்து நடத்துவதை மார்ட்டென் பாவிங்க் என்ற டச்சு ஆய்வாளர் விரிவாக எழுதியிருக்கிறார். அந்தப் பஞ்சாயத்துக்கு ஊருக்குள் இருக்கும் அதிகாரம் அரசு அலுவலகப் படியேறினால் காகிதத்தில் இல்லை.

முறை இல்லாதவர்கள்

பாட்டைப் புகழும்போது பாட்டுக்கு வெளியே நிற்பவர்களை மறந்தால் அது நேர்மை ஆகாது.

பழவேற்காட்டில் இருளர் பெண்கள் இடுப்பளவு சேற்றுத் தண்ணீரில் உட்கார்ந்து நகர்ந்து, கையால் தடவித் தடவி இறால் பிடிக்கிறார்கள். இரண்டு கையும் தண்ணீருக்குள் இருப்பதால், பிடித்ததைப் போடும் பறியைப் பல்லால் கடித்துக்கொள்கிறார்கள். சிப்பி ஓடு காலைக் கிழிக்கும், உப்புத் தண்ணீர் தோலை அரிக்கும். வலை வாங்கப் பணமும் இல்லை, பாட்டுப் பட்டியலில் பெயரும் இல்லை. ஏரியின் தலித் மீனவர்களுக்கும், பாடு உரிமை இல்லாத மற்ற ஊர்களுக்கும் இதே நிலைதான். பட்டினவர் வீட்டுப் பெண்களுக்கும் பட்டியலில் இடமில்லை. பிடித்த இறாலைக் கூடையில் சுமந்து விற்று வீட்டைத் தாங்குகிறவர்கள் அவர்கள்.

இறால் வெறும் உணவாக இருந்தவரை இந்த வேலி பெரிதாக உறுத்தியிருக்காது. ஏற்றுமதி விலை ஏறியதும் கிலோவுக்கு எத்தனை கவுண்ட் என்று எண்ணி வாங்கும் வியாபாரிகள் கரைக்கு வந்தார்கள். பாட்டுக்கு வெளியே இருந்தவர்கள் ஏரி எங்களுக்கும்தானே என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. ஊர்களுக்குள் மோதல்கள் வந்தன. சேரா கோல்தார்ட் என்ற ஆய்வாளர் 2008-ல் வெளியிட்ட பழவேற்காட்டு ஆய்வு இந்த இரு பக்கத்தையும் சேர்த்துக் காட்டியது. பாடு மோதலைத் தடுத்தது. சாதியையும் ஊரையும் கொண்டு வாசலையும் மூடியது. இரண்டும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்க முடியாது.

கரையில் வெட்டிய குட்டைகள்

1990-களின் தொடக்கத்தில் கிழக்குக் கரை முழுக்க இறால் பண்ணைக் குட்டைகள் வெட்டப்பட்டன. வயல்கள் உப்பேறின, குடிநீர்க் கிணறுகள் கெட்டன, பண்ணைக் கழிவு ஓடைகளிலும் ஏரிகளிலும் கலந்தது. பண்ணைக்கு வேண்டிய குஞ்சுகளில் ஒரு பகுதி கழிமுகங்களில் அரித்து எடுக்கப்பட்டது. கடலிலிருந்து இவ்வளவு பாடுபட்டு உள்ளே வந்த குஞ்சு தொட்டிலிலேயே பறிபோனது.

இதை எதிர்த்துத் தஞ்சைப் பகுதியில் அறப்போர் நடத்திய காந்தியர் எஸ். ஜெகந்நாதன் 1994-ல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். அவர் மனைவி கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனும் அந்தப் போராட்டத்தில் கூட நின்றார். 1996 டிசம்பர் 11-ல் நீதிபதிகள் குல்தீப் சிங், சகீர் அகமது அமர்வு தீர்ப்புச் சொன்னது. கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இறால் பண்ணைத் தொழில் கூடாது என்றது. அத்தோடு நிற்காமல் இரண்டு ஏரிகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அவற்றைச் சுற்றி 1,000 மீட்டருக்குள் பண்ணை கூடாது என்று தடுத்தது. ஒன்று சில்கா, மற்றது பழவேற்காடு. வழிவழியாக நடந்துவந்த பாரம்பரிய வளர்ப்புக்கு மட்டும் விலக்கு இருந்தது.

ஊர் வழக்கால் தடுக்க முடியாத ஒன்றைச் சட்டம் தடுத்தது. பெரும் முதலீடு ஊர்ப் பஞ்சாயத்தின் அபராதத்துக்கு அஞ்சாது. அங்கே நாட்டின் நீதிமன்றம் வேண்டியிருக்கிறது. 2005-ல் வந்த கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் பதிவு முறையின் வழியாகக் கடலோரப் பண்ணைகளுக்கு மறுபடி இடம் கொடுத்தது. தீர்ப்பு ஒருமுறை வந்துவிட்டால் போதும் என்று கரை மக்கள் ஓய்ந்துவிட முடியாது என்பதற்கு இது சாட்சி.

வாய் மூடினால்

எல்லாப் பாதுகாப்பும் இருந்தும் முகத்துவாரம் மூடிக்கொண்டால் இறாலின் பயணம் அங்கேயே முடிந்தது. குஞ்சு உள்ளே வர முடியாது, வளர்ந்தது வெளியே போக முடியாது, படகும் கடலுக்குப் போக முடியாது.

இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. ஆற்று வெள்ளம் வேகமாக வந்தால் வாயை அடைக்கும் மணலைத் தள்ளிவிடும். மழை குறைந்தால், ஆற்றின் மேல்பகுதியில் தண்ணீர் தேக்கப்பட்டால், அந்தத் தள்ளும் சக்தி இல்லை. தெற்கே எண்ணூர்த் துறைமுகம் 2001-லும், காட்டுப்பள்ளித் துறைமுகம் 2013-லும் செயல்படத் தொடங்கின. அலைத் தடுப்புச் சுவர்கள் மணலின் இயல்பான போக்கை மாற்றும் என்பது கடலோரப் பொறியியலின் பால பாடம். காட்டுப்பள்ளித் துறைமுகத்தைப் பல மடங்கு விரிவாக்கும் திட்டத்தைப் பழவேற்காட்டு மீனவர்கள் எதிர்ப்பதற்கு முதல் காரணம் இதுதான். ஏரிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் மெல்லிய மணல் திட்டு அரிக்கப்பட்டால் ஏரி என்ற ஒன்றே இருக்காது என்று அஞ்சுகிறார்கள். அந்த விரிவாக்கத் திட்டத்துக்காக 2023 செப்டம்பரில் நடக்கவிருந்த பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது.

வாய் அடைத்த ஆண்டுகளில் ஊர்கள் தங்களுக்குள் பணம் சேர்த்து, இயந்திரம் வைத்து மணலை வாரியதுண்டு. தமிழக அரசு முகத்துவாரத்தை நிலையாகத் திறந்து வைக்க, இரு பக்கமும் கற்சுவர் கட்டும் திட்டத்தைச் சுமார் 27 கோடி ரூபாயில் எடுத்தது. வடக்கே ஆந்திரப் பகுதியில் ராயதொருவு முகத்துவாரமும் மணல் மேவிக் கிடக்க, அந்தப் பக்க ஊர்களும் அதைத் திறக்கக் கேட்டுவந்திருக்கின்றன. இறாலுக்கு மாநில எல்லை தெரியாது. ஆனால் ஏரியின் நடுவில் ஓடும் அந்தக் கோட்டைத் தாண்டி வலை போட்டதற்காக இரு மாநில மீனவர்களும் மோதிக்கொண்ட சம்பவங்கள் பல.

ஒடிசாவில் சில்கா இதே நிலைக்கு வந்தது. மணல் மூடி, உப்புக் குறைந்து, ஆகாயத்தாமரை பரவி, சீரழிந்த ஈரநிலங்களின் பன்னாட்டுப் பட்டியலில் 1993-ல் சேர்ந்தது. அங்கே ஏரிக்கென்று தனி ஆணையம் இருந்தது. 2000 செப்டம்பரில் புதிய வாயை வெட்டினார்கள். மீனும் இறாலும் திரும்பின. 2002-ல் சில்கா அந்தப் பட்டியலிலிருந்து வெளியே வந்தது. பழவேற்காட்டுக்கு இரு மாநிலமும் சேர்ந்து பொறுப்பேற்கும் அப்படியோர் ஆணையம் இல்லை.

சட்டத்தில் இருக்கும் இடம்

ஊர் மக்கள் காவலுக்குச் சட்டத்தில் இடமே இல்லை என்று சொல்ல முடியாது. 2002-ன் உயிரியல் பல்வகைமைச் சட்டம் ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைக்கச் சொல்கிறது. அந்த ஊரின் உயிர்களையும் அவற்றைப் பற்றி மக்களுக்குத் தெரிந்ததையும் அந்தக் குழு பதிவேட்டில் எழுத வேண்டும். சிறு மீனவர்களின் உரிமைக்காக ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பு 2014-ல் ஏற்ற வழிகாட்டு நெறிகள், வழக்காற்று உரிமைகளை அரசுகள் மதிக்க வேண்டும் என்கின்றன. பெண்களையும் நலிந்தவர்களையும் விட்டுவிடக் கூடாது என்றும் அதே மூச்சில் சொல்கின்றன. அந்த நெறிகள் சந்திரிகா சர்மாவின் நினைவுக்கு அர்ப்பணிக்கப்பட்டவை. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச மீன்தொழிலாளர் ஆதரவுக் குழுவை நடத்தியவர் அவர். அந்த ஆண்டு மார்ச்சில் காணாமல் போன மலேசிய விமானத்தில் இருந்தார். உலகத்துக்குச் சொன்ன அந்த நியாயம் சென்னையிலிருந்து 60 கிலோமீட்டரில் இருக்கும் ஏரிக்கு இன்னும் முழுதாக வந்து சேரவில்லை.

வந்து சேர வேண்டியவை மூன்று. முதலாவது, நீர்கொழும்பைப் போலப் பாட்டை அரசு எழுத்தில் ஏற்க வேண்டும். எந்த ஓடை, எந்த ஊர், எத்தனை வலை, எந்த முறை என்பது பல்லுயிர்ப் பதிவேட்டிலும் மீன்வளத் துறைக் கோப்பிலும் இருந்தால், துறைமுகமோ பண்ணையோ வரும்போது அங்கே யாருக்கும் உரிமை இல்லை என்று சொல்ல முடியாது. இரண்டாவது, எழுதும்போது பட்டியலைத் திறக்க வேண்டும். கையால் இறால் தடவும் இருளர் பெண்களுக்கு அவர்கள் பிடிக்கும் ஆழமற்ற இடங்களில் உரிமையும், முடிவெடுக்கும் குழுவில் நாற்காலியும் வேண்டும். தலித் மீனவர்களுக்கும் மற்ற ஊர்களுக்கும் முறையில் பங்கு வேண்டும். ஆள் கூடினால் வலைகள் கூட வேண்டியதில்லை, முறைகள் கூடினால் போதும். குலுக்கலின் பலமே அதுதான். மூன்றாவது, முகத்துவாரத்துக்கு இரு மாநில மீனவர் ஊர்களும், இரு அரசின் துறைகளும், அறிவியலாளர்களும் சேர்ந்து உட்காரும் ஒரே குழு வேண்டும். மணல் எப்போது வாருவது, ஆற்றில் எப்போது தண்ணீர் விடுவது என்பதை அது இறாலின் மாதங்களைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும்.

விசைப்படகுகளுக்குக் கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை இருக்கிறது. அந்த நாட்களின் இழப்பை மீனவர்கள் தாங்குகிறார்கள். கடலில் இனப்பெருக்கத்துக்குக் கிடைக்கும் அந்த இடைவெளியின் பலன் ஏரிக்கு வர வேண்டுமானால், வாய் திறந்திருக்க வேண்டும், புல் உயிரோடு இருக்க வேண்டும், ஓடையில் வலைக்கு வரம்பு இருக்க வேண்டும். கடலும் ஏரியும் ஆறும் ஊரும் ஒரே நேரத்தில் தங்கள் பங்கைச் செய்தால்தான் ஓர் இறால் தன் சுற்றை முடிக்கிறது. அரசு தனியாகச் செய்தால் அது மணல் வாரும் ஒப்பந்தமாக நின்றுவிடும். ஊர் தனியாகச் செய்தால் பெரிய முதலீட்டின் முன் தோற்றுவிடும், தன் பழைய வேலியையும் தாண்டாது. பழவேற்காட்டு ஊர்கள் தலைமுறைகளாகக் குலுக்கிய அந்தச் சீட்டில் பகிர்ந்து வாழும் அறிவு இருக்கிறது. அதற்குச் சட்டத்தின் பலத்தைக் கொடுப்பது அரசின் கடமை. அதில் எல்லார் பெயரையும் எழுதுவது ஊரின் கடமை.